கடலை மறைத்த வேலி

எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளை பிறந்துவிட்டால் அவளுக்கென்று ஒரு வீடு எழும்ப வேண்டும். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு வளவுக் காணியின் பின்பக்கம் ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அந்தப் பின்பக்கத்தில் இன்னொரு வீடு. ஒலுவிலுக்கு வடக்கே, ரோட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் நீளமாகக் கிடந்த எங்கள் வளவில் வாப்பா இப்படித்தான் ஒவ்வொரு மகளாகக் கரையேற்றிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். கடலும் அவரைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே பிடிவாதக்காரர்கள்.

பெரிய ராத்தாவுக்கு ரோட்டோரத்து வீடு கிடைத்தது. கொங்கிரீட் கூரை போட்ட நல்ல வீடு. சின்ன ராத்தாவுக்கு நடு வீடு, ஓட்டுக் கூரை. நான் மூன்றாவது, கடைக்குட்டி. வாப்பாவும் உம்மாவும் நானும் இருந்த சிறிய அறைகளுக்குப் பக்கத்தில், கடலோரமாக என்னுடைய வீடு எழும்பத் தொடங்கியது. காற்றோட்டமான இடம் எனக்குத்தான் வாய்த்தது என்று ராத்தாமார் இரண்டு பேரும் சின்ன வயதில் பொறாமைப்பட்டிருக்கிறார்கள். காற்றுக்கு ஒரு குறையுமில்லை, உண்மைதான்.

குறை மண்ணுக்குத்தான். முன்பு எங்கள் கடைசித் தென்னைக்கு அப்பால் அடம்பன் கொடி படர்ந்த மேடும், அதற்கும் அப்பால் தோணிகளை இழுத்து வைக்கிற அகலமான மணலும் இருந்தன. தோணிகள் முதலில் இடம் மாறின. பிறகு மேடு போனது. பிறகு கடைசித் தென்னை சரிந்து, அதற்கு முந்திய தென்னை கடைசித் தென்னை ஆனது. பக்கத்து வளவுக்காரரின் கிணற்றைச் சுற்றியிருந்த மண் முழுவதும் கரைந்துபோய், கிணற்றின் வளையங்கள் மட்டும் புகைபோக்கி போல அலைக்குள் நின்றன. பிள்ளைகள் அதைச் சுற்றி நீந்தி விளையாடினார்கள். நிலத்துக்குள் இருக்க வேண்டிய கிணற்றை வெளியிலிருந்து பார்ப்பது எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது, யாரோ உடுப்பு மாற்றும்போது பார்த்துவிட்ட மாதிரி.

காரணம் கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒருவர் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் போட்ட கல்லைச் சொல்வார், ஒருவர் மண் அள்ளுகிறவர்களைச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், உலகம் சூடாவதையும் கடல் மட்டம் உயர்வதையும் மழை காலம் தப்பிப் பெய்வதையும் சொல்வேன். எல்லாம் சேர்ந்துதான் என்றும் சொல்வேன். வாப்பா எல்லோர் சொல்வதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மறுநாள் மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்துக் கொடுக்கப் போய்விடுவார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு வயல் இருந்தது. அங்கே கட்டலாமே என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வேளாண்ம செய்யிற காணிக்குள்ள வீடு கட்டுறதா? சோறு திங்கிற பாத்திரத்துக்குள்ள கால வைக்கிற கதையா இரிக்கி ஒண்ட கத."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்த நேரத்தில் சாய்ந்தமருதிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர். பெண் பார்க்க வந்த அன்று, தேத்தண்ணீர்க் கோப்பையைத் திருப்பித் தரும்போது "சீனி கூடிப் போச்சு" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார். பொய் பேசத் தெரியாத ஆள் என்று அப்போதே விளங்கிவிட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை, மாப்பிள்ளையை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடுத்தது அவர்கள் வந்து வீட்டைப் பார்ப்பது. அது சரியாக வந்தால் நாள் குறிக்கலாம்.

வாப்பா மூளையைக் கசக்கத் தொடங்கினார். முதலில் கடற்கரைப் பக்கம் ஆளுயரத்துக்கும் மேலாக தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி போட்டார். கடல் தெரியக்கூடாது. சத்தமும் கேட்கக்கூடாது என்று கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் அவர்களை வரச் சொன்னார். கச்சான் தரைப் பக்கமிருந்து கடலைப் பார்த்து வீசும், அலைச் சத்தத்தையும் அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு போய்விடும். கடலும் அந்த மாதத்தில் நல்ல பிள்ளையாகக் கிடக்கும். தண்ணீருக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பால் தேத்தண்ணீர் போட்டால் திரைந்துவிடும். அதனால் பெரிய ராத்தா வீட்டுப் பைப்பிலிருந்து வாளி வாளியாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். தேத்தண்ணீருக்கும் குடிக்கவும் அது போதும். மற்றதற்கெல்லாம் கிணற்றிலிருந்து மோட்டர் இழுத்து நிரப்புகிற டாங்கி இருந்தது. இதில் எனக்கும் உடந்தை உண்டு. வகுப்பில் கடலரிப்பைக் கீறிக் காட்டுகிற டீச்சர், வீட்டில் கிடுகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமாவும் இன்னும் சில ஆண்களும், மாப்பிள்ளையின் உம்மாவோடு சில பெண்களும். மாப்பிள்ளையின் உம்மா வீட்டிலேயே துணி வியாபாரம் செய்கிறவர். எதைப் பார்த்தாலும் விரலால் ஒருதரம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். என் கன்னத்தையும் அப்படித்தான் தேய்த்தார். ஆண்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், மரம் என்ன மரம் என்று கேட்டார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னதும் வாப்பாவோடு பள்ளிக்குத் தொழப் போனார்கள். வேலி வாசலில் கடப்பைத் தாண்டும்போது வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் வெற்றிக் களை.

தொழுகைக்கு முன் கை, வாய், முகம் கழுவுகிற ஒழுவை ஆண்கள் பள்ளியில் எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தோம். பெண்களுக்கும் அஸர் உண்டு என்பதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. ஐந்து நேரமும் தொழுகிற வீடு எங்களுடையது. உம்மா ஒரு வக்தைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் கிணற்றில் உப்பு ஒரே நாளில் ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, எங்கள் நாக்குக்குச் சொல்லாமல் ஏறியது. தேத்தண்ணீர் திரைந்ததால் அது எங்களுக்குத் தெரிந்தது. ஒழுவுக்கு வாய் கொப்பளிக்கும்போது எங்களுக்கு அது வெறும் தண்ணீராகவே இருந்தது.

மாப்பிள்ளையின் உம்மா டாங்கிப் பைப்பைத் திறந்து கைகளைக் கழுவினார். தண்ணீரை ஏந்தி வாய் கொப்பளித்தார். துப்பினார். இன்னொரு முறை ஏந்தி, மெதுவாகக் கொப்பளித்தார். துணியைத் தேய்த்துப் பார்க்கிறவர் தண்ணீரையும் அப்படித்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"தண்ணி கரிக்குதே மகள்."

"இல்லயே மாமி," என்றேன். நான் பொய் சொல்லவில்லை. நானும் ஒரு கை அள்ளிக் கொப்பளித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ட நாக்குக்கு என்ன புள்ள நடந்த? கடல் எங்க இரிக்கி?"

"அது அங்கால, தூரத்துல," என்று உம்மா கையை விசிறினார்.

கச்சான் பின்னேரமானால் ஓய்ந்துவிடும். பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில் நெல் தூற்றிய வாப்பாவுக்கு அது தெரியாதா? கிடுகு கட்டுகிற மும்முரத்தில் மறந்துவிட்டார். காற்று நின்றது. வேலிக்குப் பின்னால், கதவுக்கு வெளியே யாரோ நின்று இருமுவது போல அவ்வளவு பக்கத்தில், ஒரு அலை வந்து விழுந்தது.

மாமி வேலியை நோக்கி நடந்தார். அதில் கடப்பு இல்லை, வேண்டுமென்றே வைக்கவில்லை. அவர் இரண்டு கைகளாலும் கிடுகைப் பிரித்துத் தலையை உள்ளே விட்டார். அவருடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நானும் உம்மாவும் நின்றோம். என் கல்யாணம் அந்த முதுகில்தான் இருந்தது. திரும்பி வந்தவர் கோபப்படவில்லை. விட்ட இடத்திலிருந்து முகத்தைக் கழுவி ஒழுவை முடித்தார்.

"கடல் தண்ணியிலயும் ஒழு கூடும். அதுல ஒரு குறையும் இல்ல. தொழுதிட்டு வந்து கதைக்கிறன்."

பூசாத சுவர்களுக்கு நடுவில் பாயை விரித்து, அவசரமில்லாமல் தொழுதார். ஆண்கள் பள்ளியிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்ததும் வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"காக்கா, ஒங்கட மகளப் புடிச்சிரிக்கி. வீட்டப் புடிக்கல்ல."

"வீட்டுல என்ன கொறையக் கண்டீங்க?"

"வீட்டுல கொறையில்ல. அது நிக்கிற எடத்தத்தான் சொல்றன். எங்கட வீட்டச் சுனாமி கொண்டு போச்சு. அது சொல்லாமக் கொள்ளாம வந்த. இது வாறன் வாறன் எண்டு சொல்லிக்கிட்டே வருது. அதுக்கு முன்னால போய் நிண்டு ஆராச்சும் வீடு கட்டுவாங்களா?" பூசாத சுவரை விரலால் ஒருதரம் தேய்த்துவிட்டுச் சொன்னார். "பொண்ண எங்கட வீட்டுக்கு அனுப்புங்க. எங்களுக்கு வீடு வேணாம்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு தகப்பனிடம் இதைவிடக் கடுமையாக ஒன்றைச் சொல்ல முடியாது. வாப்பாவின் முகம் கறுத்துப் போனது.

"எங்கட குடும்பத்துல பொண் புள்ள மாப்பிள்ளட வீட்ட போன கதையில்ல. மகள வெறுங்கையோட அனுப்புற நெலைக்கு நான் இன்னும் வரல்ல."

"அப்ப வேற எடத்துல கட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க காக்கா," என்று எழுந்துவிட்டார் மாமி. போகும்போது என் கன்னத்தை மறுபடியும் தேய்த்தார்.

அவர்களுக்கென்று அவித்த இனிப்பு வட்டிலப்பம் அப்படியே கிடந்தது. கோபத்தில் நான் இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு சாப்பிட்டேன். வாப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தில் மேலும் கீழும் நடந்தார். திடீரென்று என் முன்னால் வந்து நின்றார்.

"நீ என்னத்துக்கு அவங்கள ஒழு எடுக்க விட்ட?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று வாயில் அடித்துக்கொண்டார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினார். உள்ளேயிருந்து வந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் அவர் கட்டுவதை நிறுத்தவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்காகவே சுவரை இன்னும் வேகமாக எழுப்பினார். நான் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். மாப்பிள்ளையிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பெரியவர்கள் பேசி முடிக்காமல் அவர் எனக்கு அழைப்பு எடுக்க மாட்டார் என்று தெரிந்தும், போனை வகுப்புக்குள் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

அந்த வருட மாரி மழை பிந்தித்தான் வந்தது. வந்தது ஒரேயடியாக வந்தது. வயலுக்குள் வெள்ளம் நின்ற அதே நாட்களில் கடலும் புரண்டது. காலையில் எழுந்து பார்த்தால் வேலி இல்லை. என் வீட்டுக் குசினி மூலையின் அத்திவாரம் கீழே மண்ணில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. நான் பயந்து போனேன். வாப்பா குடையைக்கூட விரிக்காமல் மழையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும், "ஒனக்குத் தாறதுக்கு என்னட்ட இனி ஒண்டுமில்ல மகள்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவரோடு கோபித்துக்கொண்டிருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. இந்தக் கல்யாணமே வேண்டாம், நான் இப்படியே இருந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய பொய்யை மழையில் நனைந்துகொண்டு சொல்ல என்னால் முடியவில்லை.

மழை விட்டதும் பெரிய ராத்தா சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தொங்குகிற மூலையைக் குனிந்து பார்த்தார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் மறுபேச்சு இருக்காது.

"எண்ட வீட்டுக்கு மேல கட்டுங்க வாப்பா."

"அது ஒனக்குக் குடுத்த வீடு. குடுத்தத மறுகா வந்து கேக்கிற வேல எனக்குச் சரிவராது."

"நீங்க எனக்குக் குடுத்தது வீட்ட. வானத்தையுமா குடுத்தீங்க?"

நான் ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கென்று அந்தக் கூரையைத்தான் வைத்திருந்திருப்பார். அதை எனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டு நின்றார்.

வாப்பா முறைப்படி மச்சானிடம், அதாவது ராத்தாவின் மாப்பிள்ளையிடம் போய்க் கேட்டார். மச்சான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வீடு அவட. நான் வந்து குந்தியிருக்கிற ஆள் மாமா. அவட்ட கேளுங்க."

கடலோரத்து வீட்டைக் கட்டியதைவிடப் பிரிப்பது எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்லைத் தட்டித் தட்டி எடுத்துக் கைமாற்றிக் கைமாற்றி நடு வீட்டு முற்றத்தால் முன்னுக்குக் கொண்டுபோனோம். சின்ன ராத்தா போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றினார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, மோட்டர் சைக்கிளில் மாப்பிள்ளையே வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. சேட்டுக் கையை மடித்துவிட்டுக் கல் தூக்கத் தொடங்கினார். நிக்காஹ் முடியாமல் மாப்பிள்ளை பெண் வீட்டு வளவுக்குள் கல் சுமப்பதை ஊர் அதற்கு முன் கண்டதில்லை. உம்மா என்னைப் பிடித்துக் குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். குசினிக்கு ஜன்னல் உண்டு என்பதை அவசரத்தில் மறந்துவிட்டார். நிலைக் கதவைத் தோளில் வைத்துக்கொண்டு போனபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மேல்வீடு முடிந்ததும் மாமி வந்தார். படியேறி, சுவரைத் தேய்த்து, பைப்பைத் திறந்து வாய் கொப்பளித்தார். "சரி காக்கா, நாளக் குறிங்க" என்றார். அடுத்த மாதம் அந்த வீட்டிலேயே என் கல்யாணம் நடந்தது.

வாப்பாவும் உம்மாவும் இப்போது நடு வீட்டில் சின்ன ராத்தாவோடு இருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்கள் ரோட்டுப் பக்கமாக நகர்ந்திருக்கிறார்கள். கடல் ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. சின்ன ராத்தா தன் கடைசித் தென்னைகளைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். அவருக்கும் ஒருநாள் எங்கள் மேல்மாடிக்கு மேலே இடம் பார்க்க வேண்டி வரும் என்று கேலி பேசிக்கொள்கிறோம். கேலி பேசும்போது யாரும் கடல் பக்கம் திரும்புவதில்லை.

போன வருடம் கல்முனை ஆஸ்பத்திரியில் எனக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. எங்கள் ஊரில் பெண் பிறந்தால் வருகிறவர்கள் எல்லோரும் தகப்பனைச் சீண்டுகிற வழக்கம் உண்டு, வளவு பார்த்தாச்சா, வீடு கட்டக் கல் பறித்தாச்சா என்று. என் மாப்பிள்ளையும் அன்று முழுக்க அந்தக் கேலியை வாங்கிக்கொண்டு நின்றார். பின்னேரம் வாப்பா வந்து பிள்ளையைக் கையில் வாங்கினார். அவர் வாயிலிருந்தும் அதே கேலிதான் வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் பிள்ளையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மகள்," என்று என்னைத்தான் கூப்பிட்டார். "இவவ எங்க போயும் இரிக்கப் பழக்கு."

மூன்று பெண்களையும் ஒரே வளவுக்குள் வைத்துக் காத்த மனிதர் அதைச் சொன்னார். மாமிதான் எழுந்து வந்து பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"எங்கயும் இரிக்கட்டும் காக்கா. அங்கயும் மாப்பிள்ளதான் வரோணும்."

வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பிள்ளை பசிக்கு அழத் தொடங்கியது.